பாஸ்வேர்ட் மறந்தவர்கள் வந்த கடை

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" என்று வந்து நிற்பவரை முழுதாக நம்பாமல் இருப்பதும், நம்பவில்லை என்பதை முகத்தில் காட்டாமல் இருப்பதும்தான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் ஒருநாள் அப்படி நின்றிருப்பீர்கள். நேற்றுவரை கை தன்பாட்டில் அடித்த சொல் இன்றைக்கு வராது. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா, கடைசியில் ஒன்று போட்டேனா இரண்டு போட்டேனா என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பீர்கள். பிறகு உங்கள் சொந்த லப்டொப் முன்னால் நீங்களே கள்ளனைப்போல முழித்துக்கொண்டு இருப்பீர்கள். அந்த அவஸ்தை பட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

நான் வேலை செய்த கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், கொமியூனிகேஷன் என்று நாங்கள் சொல்லும் டெலிபோன் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. முதலாளி பாருக் நானா புறக்கோட்டையில் ரேடியோ விற்று வளர்ந்தவர். கொம்பியூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, மனுஷரைப் பற்றி நிறையத் தெரியும். திருத்துகிறவள் நான் ஒருத்திதான். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருவேன்.

அது யுத்தத்தின் கடைசி வருடங்கள். சந்திக்குச் சந்தி சென்ட்ரி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. பையைத் திற என்பார்கள். பைக்குள் லப்டொப் இருந்தால் அதையும் திற என்பார்கள். திறந்து காட்டினால் போகலாம். திறக்க முடியாவிட்டால் ஓரமாக நில். ஓரமாக நின்ற தமிழனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஊருலகத்தில் மறதிக்கு மருந்து கொடுப்பார்கள், எங்களுக்கு விசாரணை வைத்தார்கள். அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர் என்னால் போனார். அவருடைய லப்டொப்பை அமைத்துக் கொடுத்தவள் நான்தான். அதைச் சொல்வதற்காகத்தான் மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

விழுங்கிய துண்டு

கிருலப்பனையிலிருந்து ஒரு ஐயா வந்தார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய லப்டொப்பைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கடைக்குள் வந்து என்னைப் பார்த்துவிட்டு, வேறு யாராவது இருக்கிறார்களா என்று மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் மனமில்லாமல் கதிரையில் இருந்தார்.

நடந்தது இதுதான். இலேசான பாஸ்வேர்ட் வைக்கவேண்டாம், எழுத்தும் இலக்கமும் கலந்து வையுங்கள் என்று மகன் போனில் சொல்லியிருக்கிறான். ஐயாவும் சொல்வழி கேட்டு அப்படியே வைத்து, ஒரு கடதாசித் துண்டில் எழுதி மருந்துப் பெட்டிக்குள் ஒளித்திருக்கிறார். ஒருநாள் விடியவே ஆமிக்காரர் அவருடைய ஒழுங்கையைச் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள். ஐயா அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். அர்த்தமில்லாத எழுத்து, நடுவில் இலக்கம், பிறகும் எழுத்து. இது என்ன கோட் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கிழித்து வாயில் போட்டு, கையிலிருந்த பிளேன்டீயைக் குடித்து விழுங்கிவிட்டார். வந்த ஆமிக்காரன் கட்டிலுக்குக் கீழே பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயா சிரிக்கவில்லை. மூன்று கிழமையாக லப்டொப்பில் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் அவருடைய கவலை. அரை மணித்தியாலத்தில் திறந்து கொடுத்தேன். துவாயில் திரும்பச் சுற்றும்போது அவர் சொன்னார்: "பேப்பர் இருந்தா ஆமி கேக்கும், பேப்பர் இல்லாட்டி மெஷின் கேக்குது. நான் ஆருக்கெண்டு பதில் சொல்லுறது, பிள்ளை?"

ஞாபகம் உள்ளவர்

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிற இளைஞர் ஒருவர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். சென்ட்ரியில் அவருடைய அடையாள அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். லப்டொப்பைக் கடையில் திறப்பித்துக்கொண்டு, திறந்த கடையின் பில்லோடு பின்னேரத்துக்குள் வா என்று அனுப்பியிருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாமல் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்ததே பெரிய காரியம். எத்தனை சென்ட்ரி தாண்டினார் என்று நான் கேட்கவில்லை.

நான் பாஸ்வேர்ட் எடுக்கிற சீடியைப் போடப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, தானே மெதுவாக ஒரு சொல்லை அடித்தார். லப்டொப் திறந்துகொண்டது. மறக்கவேயில்லை! அது அவருடைய ஊரின் பெயர். அந்தக் கிழமை ரேடியோவில் சண்டைச் செய்தியில் காலையும் மாலையும் அடிபட்ட ஊர். சிப்பாய் பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டபோது அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழும்பாமல், "மதக்க நே, சேர்" என்று சொல்லியிருக்கிறார். ஞாபகமில்லை என்று அர்த்தம்.

பாஸ்வேர்ட்டை எடுத்துவிட்டு, நான் செய்யாத வேலைக்குப் பில் எழுதினேன். அவர் மேசையில் சாய்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "மறந்துபோனது எண்டு வடிவாத் தெரியிற மாதிரி எழுதுங்கோ, மிஸ். ஞாபகம் இருக்கிற ஆக்களைத்தான் அவங்கள் பிடிக்கிறாங்கள்."

அடையாள அட்டை எடுங்கோ

எங்கள் கடையில் நானா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. பாஸ்வேர்ட் எடுக்கவேண்டுமென்றால் யாராயிருந்தாலும் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி தரவேண்டும். களவெடுத்த மெஷினைத் திறந்து மாட்டுப்படக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம்.

ஒருநாள் மத்தியானம் ஒழுங்கை முனைச் சென்ட்ரியில் நிற்கும் சிப்பாய் படியேறி வந்தான். தினமும் என் பையைக் கிண்டுகிறவன். சாப்பாட்டுப் பெட்டியைக்கூட முகர்ந்து பார்ப்பான். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு பழைய லப்டொப்பை எடுத்தான். கலியாணம் பேசியிருக்கிற பெண்ணின் பிறந்த திகதியைப் பாஸ்வேர்ட்டாக வைத்தானாம். அதை மறந்துவிட்டானாம். அவளிடமே கேட்கலாமே என்றேன். அவன் முகம் சிவந்தது. பிறந்தநாளை மறந்தது தெரிந்தால் கலியாணமே நின்றுவிடும் என்று சிங்களத்தில் சொன்னான்.

அந்தப் பரிதாபத்திலும் எனக்கு ஒரு சின்ன ஆசை. கையை நீட்டி, அடையாள அட்டை எடுங்கள் என்றேன். அவன் தினமும் என்னிடம் கேட்கிற அதே தொனியில் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டவன், தங்கச்சி என்பதற்கான சிங்களச் சொல்லால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்: "நங்கி, நானும் சந்தேக நபரா?"

இரண்டு பெயர்

இதற்கெல்லாம் ஒரு மருந்து கண்டுபிடித்தேன் என்று ஒருகாலம் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன். ஒரே லப்டொப்பில் இரண்டு பெயரில் இரண்டு எக்கவுண்ட். ஒன்றுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. அதற்குள் சிங்களப் பாட்டு, கிரிக்கெட் படம், ஒஃபிஸ் கடிதம் என்று யார் பார்த்தாலும் கொட்டாவி வருகிற சாமான்கள். மற்றது சொந்தப் பெயரில். அதற்குப் பாஸ்வேர்ட் உண்டு, உள்ளே இருக்கும் கோப்புகளையும் பூட்டிவிடுவேன். பாஸ்வேர்ட் தெரியாமல் யாராவது வெளியிலிருந்து அதை அழித்தால் எக்கவுண்ட் திறக்கும், ஆனால் கோப்புகள் எல்லாம் வாசிக்க முடியாத குப்பையாகிவிடும். கடைசி வேலையாக, அந்த இரண்டாவது பெயர் முதல் திரையில் தெரியாமல் மறைத்துவிடுவேன்.

ஆட்கள் இதற்கு 'சென்ட்ரி போடுறது' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். பாட்டுச் சீடியைக்கூடத் தாங்களே கொண்டுவந்தார்கள். தலைகால் புரியாத பெருமை எனக்கு. நானா மட்டும் ஒருநாள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வாசல் ஈக்கிற ஊட்டத்தான் அவனுகள் முதல்ல செக் பண்ணுவானுகள், மகள்."

பாதை மூடப்போகிறது

ரவீந்திரன் கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து ஒழுங்கை தள்ளி வாடகைக்கு இருந்தவர். கல்கிசையில் ஒரு கட்டிடக் கொம்பனியில் பிளான் கீறுகிற வேலை. காலையில் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கும், பின்னேரம் திரும்பவும், கொழும்பின் அத்தனை சென்ட்ரியையும் தாண்டவேண்டும். அவருடைய பயம் என்னவென்று நீங்களே ஊகிக்கலாம். ஒரு தமிழனின் லப்டொப்பில் கொழும்புக் கட்டிடங்களின் பிளான். எந்த அறை எங்கே, எந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று எல்லாம் இருக்கும். கொம்பனி வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய் என்று மனேஜர் சொல்லத் தொடங்கியதிலிருந்து நித்திரையில்லை என்றார். நான்தான் யோசனை சொன்னேன். இரண்டாவது எக்கவுண்ட்டில் போட்டுப் பூட்டிவிடலாம், ஒரு குருவிக்கும் தெரியாது என்றேன்.

வேலை முடியப்போகும் நேரத்தில் கீழேயிருந்து கொமியூனிகேஷன்காரர் ஏறி வந்து, யாரோ பெரிய மந்திரி போகிறாராம், காலி வீதியை மூடப்போகிறார்கள் என்று சொன்னார். மூடினால் எத்தனை மணித்தியாலம் என்று சொல்ல முடியாது. ரவீந்திரன் எழும்பிவிட்டார். பாஸ்வேர்ட்டை மட்டும் அடித்துவிட்டுப் போங்கள் என்று கீபோர்ட்டை அவர் பக்கம் திருப்பினேன். கஸ்டமர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது மற்றப்பக்கம் திரும்பிக்கொள்வது எங்கள் வழக்கம். நானும் திரும்பினேன். அவர் கொஞ்சம் யோசித்தார், டக் டக்கென்று அடித்தார், லப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்தார்.

இரண்டாவது பெயரை நான் மறைக்கவில்லை. அடுத்தநாள் வேலைக் கொப்பியைப் பார்த்தபோதுதான் அந்த வரிக்கு நேரே சரி போடாமல் இருந்தது தெரிந்தது. அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் இப்படியான விஷயத்தை அந்தக் காலத்தில் யார் போனில் கதைத்தார்கள்? எங்கள் பக்கத்து ஆள்தானே, கண்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். காணவில்லை. அவசரத்தில் படி இறங்கும்போது அவர் திரும்பி நின்று என்னிடம் கேட்டது இது: "இனி நிம்மதியா பஸ் ஏறலாம், என்ன மிஸ்?"

அடியில் ஒட்டிய ஸ்டிக்கர்

இரண்டு கிழமை கழித்து, சிவில் உடுப்பில் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கதவருகில் நின்றுகொண்டார். மூத்தவர் மேசையில் ஒரு லப்டொப்பைக் கவிழ்த்து வைத்தார். அடியில் எங்கள் கடையின் ஸ்டிக்கர், பெயரும் போன் நம்பருமாக இருந்தது. நானேதான் ஒட்டினேன். நிமிர்த்தாமலே யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சென்ட்ரியில் திரையில் இரண்டு பெயர் தெரிந்திருக்கிறது. ஒன்று திறந்தது, மற்றது திறக்கவில்லை. பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறார்கள். மறந்துவிட்டது என்றாராம். ஆறு நாளாகக் கேட்கிறோம், இன்னும் அதையே சொல்கிறான் என்றார் மூத்தவர். எப்படிக் கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த எக்கவுண்ட்டை அமைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். வேறு என்ன சொல்வது? நானாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாஸ்வேர்ட்டை அழித்தால் கோப்புகள் கெட்டுவிடும் என்று விளக்கினேன். கெடாமல் திற என்றார். இரண்டு நாள் தவணை. லப்டொப்பை விட்டுவிட்டு, என்னுடையதும் நானாவினதும் அடையாள அட்டை இலக்கங்களை எழுதிக்கொண்டார். கத்தவுமில்லை, மிரட்டவுமில்லை. போகும்போது தபாலில் வந்த கடிதத்தை வாசிப்பதுபோலச் சொன்னார்: "திறந்தால் அவனுடைய பிரச்சினை, நங்கி. திறக்காவிட்டால் உன்னுடைய பிரச்சினை."

நாற்பத்திமூன்று சொற்கள்

அன்று பின்னேரமே நான் ரவீந்திரன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி சுகந்திக்கு என்னை யாரென்று தெரியாது. நான்தான் சென்ட்ரி போட்டுக் கொடுத்தவள், பெயரை மறைக்காமல் விட்டவளும் நான்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவள் கதிரையை இழுத்துப் போட்டு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள்.

அடுத்தநாள் காலை கடைக்கு வந்தாள். நானா கதவைச் சாத்திவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு யோசனையை வைத்தார். பாஸ்வேர்ட்டைக் குறுக்கு வழியில் அழித்துவிடுவது. பிளான் எல்லாம் குப்பையாகிவிடும். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிடலாம். கொழும்புக் கட்டிடங்களின் பிளான் அவர்கள் கண்ணில் படாது. பத்து நிமிஷ வேலை, எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. சுகந்தி தலையாட்டினாள், மாட்டேன் என்று. ஒளித்த ஆள் என்று வைத்திருப்பதைவிட வேலை செய்த ஆள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றாள். அவள் ஏற்கனவே கொம்பனி மனேஜரைப் பிடித்து ஒரு கடிதம் வாங்கியிருந்தாள். லப்டொப்பில் இருப்பது கொம்பனியின் நாலு வீட்டுப் பிளான், அதைக் கீறுவது இவருடைய உத்தியோகம் என்று தலைப்புப் போட்ட தாளில் எழுதி, சீல் வைத்த கடிதம். கடைக்கு வருகிற வழியில் அதைப் பொலிசில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து கொப்பியில் கிழித்த ஒரு ஒற்றையை எடுத்தாள். இரவு முழுக்க இருந்து நாற்பத்திமூன்று சொற்கள் எழுதியிருந்தாள். பிள்ளையின் பெயர், பிள்ளையை வீட்டில் கூப்பிடும் பெயர், மாமியாரின் பெயர், படித்த பள்ளிக்கூடம், முதல் வாங்கிய சைக்கிளின் நம்பர். ஒவ்வொன்றையும் நான் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கதை சொன்னாள். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் என் மேசையில் வந்து கிடந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. முப்பதாவது சொல்லுக்கு வந்தபோது ஒரு பெண்ணின் பெயர். கலியாணத்துக்கு முந்தி அவர் விரும்பியிருந்த பெண்ணாம், அதையும் அவளே எழுதியிருந்தாள். அடித்தேன். திறக்கவில்லை. நாற்பத்திமூன்றும் முடிந்தது. சுகந்தி ஒற்றையை நாலாக மடித்துக்கொண்டு கேட்டாள்: "அவவின்ர பேரும் இல்லை, என்ர பேரும் இல்லை. அப்ப ஆற்ற பேரை அக்கா வச்சவர்?"

கதிரையில் இருந்து பார்த்தால்

இந்த இடத்தில் தொழில் இரகசியம் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் ஆறுதலாக இருந்து பாஸ்வேர்ட் வைக்கிறவர் மனைவி, பிள்ளை, கடவுள் என்று அன்பான பெயராகப் பார்த்து வைப்பார். கடையில், மற்றவர் காத்துக்கொண்டு நிற்கும்போது வைக்கச் சொன்னால், கண்ணுக்கு முன்னால் எது தெரிகிறதோ அதைத்தான் அடிப்பார். நாலு வருடத்தில் இதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். கண்டும், அந்தப் பதற்றத்தில் ஒன்றரை நாள் எனக்கு அது தோன்றவேயில்லை.

இரண்டாம் நாள் காலை எழும்பிப் போய்க் கஸ்டமர் கதிரையில் இருந்தேன். அந்தக் கதிரையில் நான் அதற்கு முதல் இருந்ததேயில்லை. அங்கிருந்து கடை வேறுமாதிரித் தெரிந்தது. மொனிட்டரின் பெயர் தெரிந்தது, அடித்துப் பார்த்தேன். காற்றாடியின் பெயர், இல்லை. துணிக்கடைக் கலண்டரின் பெயர், இல்லை. கலண்டருக்கு மேல், நானா ஒட்டிய சிவப்பு எழுத்து அட்டை. புகைபிடிக்கக் கூடாது என்று இங்கிலிஷில். இடைவெளி விட்டு அடித்தேன், இல்லை. பெரிய எழுத்தில், இல்லை. எல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்தேன்.

திறந்துகொண்டது.

அன்றும் வந்து பக்கத்தில் நின்ற சுகந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினேன். அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. "அவர் சிகரெட் தொட்டுக்கூடப் பாக்காத மனுசன், அக்கா."

கடிதம்

உள்ளே ஒன்றும் இல்லை.

மெஷினோடு வந்த பச்சைப் புல்வெளிப் படம், குப்பைக் கூடை, அவ்வளவுதான். ஒரு பிளானும் இல்லை. ஒரு கடிதமோ ஒரு போட்டோவோகூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேடினேன். அமைத்த நாளுக்குப் பிறகு அந்த எக்கவுண்ட்டுக்குள் யாரும் வரவேயில்லை என்று மெஷினே திகதி போட்டுச் சொன்னது. அந்த மனுஷன் ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. கடையில் அவசரத்தில் ஒரே ஒரு தடவை அடித்த சொல் எப்படி ஞாபகம் இருக்கும்? அவர் சொன்னது முழு உண்மை.

நானும் சுகந்தியும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நானா கீழே போய் மூன்று டீ வாங்கிவந்தார். ஒளிக்க ஒன்றுமே இல்லை என்றால் பிடித்து வைக்கவும் ஒன்றுமில்லைதானே என்று நாங்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். டீ பாதி குடித்திருப்போம். சுகந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். "கடிதம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு வீட்டுப் பிளான் லப்டொப்பில் இருக்கிறது என்று சீல் வைத்து எழுதிய கடிதம், முதல்நாள் காலையிலேயே பொலிசின் ஃபைலுக்குள் போய்விட்டது.

அந்த இரண்டு பேரும் பின்னேரம் வந்தார்கள். சுகந்தியை நானா பின்பக்கத்தால் அனுப்பிவிட்டார். மூத்தவர் என் கதிரையில் இருந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். நான் திகதிகளைக் காட்டினேன். இதை யாரும் பாவிக்கவேயில்லை, சேர், இங்கே பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டைப் பைக்குள் இருந்து கடிதத்தின் பிரதியை எடுத்து, கீபோர்ட்டின் மேல் விரித்து வைத்தார். "நாலு வீட்டுப் பிளான் என்று கடிதம் சொல்கிறது. இதில் ஒன்றும் இல்லை. யார் அழித்தது நங்கி, அவனா, நீயா?"

ஏதாவது

என்னை ஒன்றரை நாள் உள்ளே வைத்திருந்தார்கள். நானா யார் யாரையோ பிடித்து வெளியே எடுத்தார். அதைப் பெரிய கதையாகச் சொல்ல எனக்கு வெட்கம், ஏனென்றால் ரவீந்திரனை விடவில்லை. தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவந்தாள். கடிதம் கொடுத்தது தன் பிழை என்று அவள் அழுதாள். பெயரை மறைக்காமல் விட்டது என் பிழை என்று நான் அழுதேன். அந்தப் பிழைக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஒருவருக்கும் சென்ட்ரி போட்டுக் கொடுக்கவும் இல்லை.

ஏழு மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். வழக்கும் இல்லை, மன்னிப்பும் இல்லை. லப்டொப்பைக்கூட ஒரு சீலைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வந்து ஒரு கிழமையில் அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வலது கையின் இரண்டு விரல் நேராகவில்லை. பிளான் கீறும் கை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையை மடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஏன் அதற்குள் ஒன்றுமே போடவில்லை என்று கேட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்தாராம். ஒளித்து வைத்துப் பழக்கமில்லை, நினைக்கவே பயமாக இருந்ததாம். பிளானை ஒஃபிஸிலேயே விட்டுவிட்டு, இனிமேல் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தாராம். மனேஜருக்கு அதைச் சொல்வதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதற்குள் பிடித்துவிட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லியும் அவர்கள் நம்பவில்லையாம்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் லப்டொப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அந்த எக்கவுண்ட்டை அடியோடு அழித்துவிடுகிறேன் என்று மவுஸைப் பிடித்தேன். அவர் பதறிப்போய், நேராகாத அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்தார். "ஐயோ, அழிக்காதேங்கோ மிஸ், பிறகு ஆர் அழிச்சது எண்டு கேப்பாங்கள். அதுக்குள்ள ஏதாவது போட்டுத் தாங்கோ. எதெண்டாலும் பரவாயில்லை, வெறுமையா மட்டும் விடாதேங்கோ."

ஆகவே, அவஸ்தைப்படுகிறவர்களே, பாஸ்வேர்ட்டை மறந்ததற்கு உங்களைக் கேள்வி கேட்பது உங்கள் மெஷின் மட்டும்தான் என்றால், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.